பில்லி தி கிட்: வழக்கு வேறு கவுண்டிக்கு மாறினால் செலவு யார் தலையில்? குதிரையை விற்று வக்கீல் ஃபீஸ் கட்ட நினைத்த கைதியின் கதை

1881 ஏப்ரல் 15. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில், மெசில்லா என்ற சின்ன ஊரின் சிறையில் இருந்து ஒரு கைதி கடிதம் எழுதுகிறார். வயது 21. இரண்டு நாள் முன்னாடிதான் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்திருந்தார்கள்.

கடிதத்தில் இருந்தது உருக்கமான பிரியாவிடை இல்லை. ஒரு பெண் குதிரையைப் பற்றிய கணக்கு வழக்கு. தன்னைக் கைது செய்தபோது பறித்துக்கொண்டு போன குதிரையை எப்படியாவது மீட்டுக் கொடுங்கள், அதை விற்றால்தான் மேல்முறையீட்டுக்குப் பணம் புரளும் என்று ஒரு வக்கீலிடம் கேட்கிறார்.

அந்தக் கைதிதான் பில்லி தி கிட். ஹாலிவுட் இவரை வைத்து எத்தனையோ படம் எடுத்துவிட்டது. துப்பாக்கி, குதிரை, தொப்பி என்று நமக்குத் தெரிந்த பில்லி அந்தப் படங்களில் வரும் பில்லிதான். நீதிமன்றத்தில் காசு இல்லாமல் நின்ற பில்லியை நிறைய பேருக்குத் தெரியாது. அவருடைய வழக்கு ஒரு கவுண்டியில் இருந்து இன்னொரு கவுண்டிக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றத்துக்கு யார், எதை, எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் கதையே வேற மாதிரி தெரியும்.

யார் இந்த பில்லி?

சொந்தப் பெயர் ஹென்றி மெக்கார்ட்டி. 1859-ல், பெரும்பாலும் நியூயார்க்கில் பிறந்தவர் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அம்மா கேத்தரின். கணவர் இல்லாமல் இரண்டு பையன்களை வளர்த்தவர். கன்சாஸ் பக்கம் போய், பிறகு நியூ மெக்சிகோ வந்து, 1873-ல் வில்லியம் ஆன்ட்ரிம் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். குடும்பம் சில்வர் சிட்டி என்ற சுரங்க ஊரில் குடியேறியது.

அடுத்த வருடமே, 1874 செப்டம்பரில், காசநோயில் அம்மா இறந்துபோனார். மாற்றாந்தகப்பன் பையன்களைக் கவனிக்கவில்லை. 15 வயசுப் பையன் அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டு, ஹோட்டலில் எடுபிடி வேலை பார்த்து நாளை ஓட்டினான். 1875-ல் ஒரு சீனரின் சலவைக் கடையில் திருடிய துணிகளை ஒளித்து வைத்ததற்காகப் பிடித்து உள்ளே போட்டார்கள். பையன் ஒல்லி. சிறையின் புகைபோக்கி வழியாக ஏறித் தப்பிவிட்டான்.

அங்கிருந்து அரிசோனா. 1877 ஆகஸ்டில் தன்னை அடித்து வம்பிழுத்த ஃபிராங்க் காஹில் என்ற கொல்லரைச் சுட்டார். அவர் இறந்துவிட, பில்லி மறுபடியும் நியூ மெக்சிகோவுக்கு ஓடிவந்தார். இப்போது பெயர் வில்லியம் பானி. வந்து சேர்ந்த இடம் லிங்கன் கவுண்டி.

லிங்கன் கவுண்டி என்றால் என்ன?

நம்ம ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்ம மாவட்டத்தில் நீதிமன்றம், சிறை, போலீஸ் எல்லாவற்றுக்கும் பணம் மாநில கஜானாவில் இருந்து வரும். அமெரிக்க கவுண்டியில் அப்படி இல்லை. ஷெரிப், சிறை, நீதிமன்றக் கட்டடம், ஜூரிகள், சாட்சிகள் என்று பெரும்பாலான செலவை அந்த கவுண்டி தானே வரி போட்டு, தானே வசூலித்து, தானே சமாளிக்க வேண்டும்.

1869-ல் உருவான லிங்கன் கவுண்டிக்கு ஆபிரகாம் லிங்கன் பெயர்தான். பரப்பளவு மலைக்க வைக்கும். நியூ மெக்சிகோ பிரதேசத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நம்ம தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். வரி கட்டுபவர்கள் அதிலும் கொஞ்சம். அந்த வரியை வசூலிக்கும் வேலையும் ஷெரிப்புக்கே. குற்றவாளியைப் பிடிப்பவரும் அவர்தான், வீடு வீடாக வரி கேட்டுப் போகிறவரும் அவர்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முக்கியமான கட்டத்தில் இது திரும்ப வரும்.

இந்த கவுண்டியின் பொருளாதாரம் ஒரே ஒரு கடையின் கையில் இருந்தது. லாரன்ஸ் மர்பி, ஜேம்ஸ் டோலன் ஆகியோர் நடத்திய கடை. ஊரில் அதற்குப் பெயரே தி ஹவுஸ். பக்கத்து ராணுவ முகாமுக்கும் பூர்வகுடிகளின் ஒதுக்கிடத்துக்கும் மாட்டிறைச்சி சப்ளை செய்யும் ஒப்பந்தம் அவர்களிடம். விவசாயிகளுக்குக் கடன் கொடுப்பதும் அவர்கள்தான். ஷெரிப் வில்லியம் பிராடியும் அவர்கள் பக்கம்.

இதற்குப் போட்டியாக வந்தவர் ஜான் டன்ஸ்டல் என்ற இளம் ஆங்கிலேயர். கூட்டாளி வக்கீல் அலெக்சாண்டர் மெக்ஸ்வீன். இருவரும் லிங்கனில் கடை போட்டார்கள், வங்கி ஆரம்பித்தார்கள். டன்ஸ்டலின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார் பில்லி.

1878 ஜனவரியில் டன்ஸ்டல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஷெரிப் பிராடி வசூலித்த வரிப் பணம் கஜானாவுக்குப் போகாமல், டோலன் தரப்பு மாடு வாங்குவதற்குப் போய்விட்டது என்பது குற்றச்சாட்டு. பொதுப் பணம் எங்கே போகிறது என்று அந்த ஊரில் வெளிப்படையாகக் கேட்ட கேள்வி அது. ஒரு மாதம்கூட முடியவில்லை. பிப்ரவரி 18-ம் தேதி ஷெரிப்பின் ஆட்கள் டன்ஸ்டலைச் சுட்டுக் கொன்றார்கள்.

(அந்தக் கடிதம் வந்தது மெசில்லாவில் வெளியான பத்திரிகையில். ஆசிரியர் ஆல்பர்ட் ஃபவுன்டன் என்ற வக்கீல். அவரும் பின்னால் வருவார்.)

பில்லி மீது என்ன வழக்கு?

டன்ஸ்டலின் ஆட்கள் பழிவாங்கக் கிளம்பினார்கள். தங்களுக்கு ரெகுலேட்டர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1878 ஏப்ரல் 1 காலை, லிங்கனின் ஒரே தெருவில் நடந்துபோன ஷெரிப் பிராடியை ஒரு சுவருக்குப் பின்னால் மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள். பிராடியும் துணை ஷெரிப் ஜார்ஜ் ஹிண்ட்மேனும் செத்தார்கள். சுட்ட கூட்டத்தில் பில்லியும் ஒருவர். யாருடைய குண்டு யார் மேல் பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூலையில் ஐந்து நாள் ஊரே போர்க்களமானது. ராணுவம் பீரங்கியோடு வந்து நின்றது. மெக்ஸ்வீன் வீடு எரிந்தது, அவரும் கொல்லப்பட்டார். லிங்கன் கவுண்டி போர் என்று வரலாற்றில் சொல்வது இதைத்தான்.

நிலைமை கையை மீறவே, புதிய ஆளுநராக லூ வாலஸ் அனுப்பப்பட்டார். ஆமாம், பென்ஹர் நாவலை எழுதிய அதே லூ வாலஸ். பொதுமன்னிப்பு அறிவித்தார். ஆனால் ஏற்கெனவே குற்றச்சாட்டு பதிவானவர்களுக்கு அது கிடையாது. பில்லிக்கும் கிடையாது.

1879 பிப்ரவரியில் ஹஸ்டன் சாப்மன் என்ற வக்கீலை டோலன் தரப்பு கொன்றதை பில்லி நேரில் பார்த்தார். ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 17 இரவு இருவரும் ரகசியமாகச் சந்தித்தார்கள். டீல் இதுதான்: பில்லி பொய்யாகக் கைதாக வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும், பதிலுக்கு மன்னிப்பு.

பில்லி தன் பக்கத்தை நிறைவேற்றினார். கைதானார். ஏப்ரலில் கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொன்னார். டோலன் உள்ளிட்டவர்கள் மேல் குற்றச்சாட்டு பதிவானது. அப்புறம்தான் திருப்பம்.

வழக்கை ஏன் வேறு கவுண்டிக்கு மாற்றினார்கள்?

மாவட்ட அரசு வழக்கறிஞர் வில்லியம் ரைனர்சன், டோலனின் நண்பர். இவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1867-ல் நியூ மெக்சிகோவின் தலைமை நீதிபதியையே சாண்டா ஃபேயில் சுட்டுக் கொன்று, தற்காப்பு என்று சொல்லி விடுதலையானவர். ஆளுநர் என்ன வாக்குக் கொடுத்திருந்தாலும் பில்லியை விட முடியாது என்றார். பிராடி கொலை வழக்கை லிங்கனில் இருந்து டோன்யா ஆனா கவுண்டிக்கு மாற்றக் கேட்டார், மாற்றம் கிடைத்தது. அங்கே தலைநகர் மெசில்லா.

வழக்கை இடம் மாற்றுவது தவறான விஷயம் இல்லை. உள்ளூரில் கோபமோ அனுதாபமோ அதிகமாக இருந்தால் நடுநிலையான ஜூரி கிடைக்காது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. லிங்கனில் ஸ்பானிஷ் பேசும் எளிய மக்களுக்கு பில்லி என்றால் ரொம்ப இஷ்டம். அவர்களின் மொழி சரளமாகப் பேசுவார், அவர்கள் வீட்டு விசேஷங்களில் ஆடுவார். அங்கே ஜூரி அவரைத் தண்டிக்குமா என்ற சந்தேகம் அரசுத் தரப்புக்கு இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அதே சமயத்தில் டோலன் மேல் இருந்த வழக்கும் இடம் மாறியது. அது போனது சொகோரோவுக்கு. அங்கே வழக்கு கரைந்துபோனது. டோலன் ஒரு நாள்கூட தண்டனை அனுபவிக்கவில்லை. இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே மாதிரி இடமாற்றம்தான். ஒருத்தரிடம் பணமும் ஆள்பலமும் இருந்தது, இன்னொருத்தரிடம் எதுவும் இல்லை.

மன்னிப்பு வராது என்று புரிந்ததும் 1879 ஜூனில் பில்லி காவலில் இருந்து சர்வ சாதாரணமாக நடந்து போய்விட்டார். அடுத்த ஒன்றரை வருடம் மாடு, குதிரை திருட்டு. 1880 டிசம்பர் 23-ல் ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், ஷெரிப்பாகத் தேர்வாகியிருந்த பாட் கேரட் அவரைச் சுற்றிவளைத்துப் பிடித்தார். அவர் தலைக்கு ஆளுநர் வைத்திருந்த விலை 500 டாலர்.

சரி, செலவு யாருக்கு?

அமெரிக்காவில் பொதுவாக உள்ள கொள்கை எளிமையானது. குற்றம் எந்த கவுண்டியில் நடந்ததோ, வழக்கு எங்கே தொடங்கியதோ, அந்த கவுண்டிதான் செலவை ஏற்க வேண்டும். விசாரணையை நடத்திக் கொடுக்கும் கவுண்டி பில் அனுப்பும். கலிபோர்னியா மாதிரியான மாநிலங்களின் சட்டத்தில் இன்றைக்கும் இது எழுதியே இருக்கிறது. ஜூரிக்குக் கொடுக்கும் படி, கைதிக்குச் சாப்பாடு, காவலர் சம்பளம், சாட்சிகளை அழைத்து வரும் செலவு எல்லாம் சொந்த கவுண்டியின் கணக்கு.

நியாயமாகத்தான் தெரியும். பக்கத்து ஊர்க்காரன் வரிப் பணத்தில் நம்ம ஊர் கொலை வழக்கை நடத்தச் சொல்ல முடியாதே. ஆனால் சின்ன கவுண்டிக்கு ஒரு பெரிய கொலை வழக்கு வந்து, அதுவும் வெளியூரில் நடந்தால் அந்த வருட பட்ஜெட்டே ஆட்டம் கண்டுவிடும்.

இந்த விஷயம் தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கை 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சென்னையில் இருந்து பெங்களூருக்கு மாற்றியது நினைவிருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 406-வது பிரிவில் வந்த உத்தரவு அது. கர்நாடகா முதலில் செலவு செய்யும், பிறகு தமிழ்நாடு அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கணக்கு ஜெயலலிதா மறைந்து பல வருடம் கழித்தும் ஓடியது. 2024-ல்தான் 5 கோடி ரூபாயை கர்நாடகாவுக்குக் கொடுக்கும்படி பெங்களூரு நீதிமன்றம் சொன்னது. கவுண்டி இடத்தில் மாநிலம் என்று போட்டுக்கொண்டால் அதே கொள்கைதான்.

ஆனால் அரசுகளுக்கு நடுவே ஓடும் இந்தப் பில்லில் குற்றம் சாட்டப்பட்டவர் பெயரில் ஒரு வரியும் இருக்காது. அவருக்கு ஆகும் செலவு வேறு கணக்கு. பில்லியின் வழக்கில் அது பளிச்சென்று தெரிகிறது.

மெசில்லாவில் நடந்தது என்ன?

மூன்று மாதம் சாண்டா ஃபே சிறையில் இருந்துவிட்டு, 1881 மார்ச் கடைசியில் பில்லி மெசில்லாவுக்குக் கொண்டுவரப்பட்டார். சாண்டா ஃபேயில் இருந்தபோது ஆளுநர் வாலஸுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. பென்ஹர் அப்போதுதான் வெளியாகியிருந்தது, ஆளுநர் ஊரைவிட்டுக் கிளம்பும் மனநிலையில் இருந்தார்.

முதலில் எடுத்தது கூட்டாட்சி அரசின் வழக்கு. பிளேசர்ஸ் மில் என்ற இடத்தில் நடந்த பக்‌ஷாட் ராபர்ட்ஸ் கொலை. நீதிபதி வாரன் பிரிஸ்டல். பில்லிக்காக வக்கீல் ஐரா லெனார்ட் வாதாடினார். கொலை நடந்த இடம் தனியார் நிலம், கூட்டாட்சி அரசுக்கு இங்கே அதிகாரமே இல்லை என்ற வாதம் ஜெயித்தது. ஏப்ரல் 6-ம் தேதி அந்த வழக்கு தள்ளுபடி.

பில்லிக்கு ஒரு நல்ல செய்தி என்று தோன்றலாம். அப்படி இல்லை. உடனே பிரதேச அரசின் வழக்கு, அதாவது லிங்கனில் இருந்து மாறிவந்த பிராடி கொலை வழக்கு, எடுக்கப்பட்டது. இந்த முறை லெனார்ட் இல்லை. வக்கீல் வைக்கப் பணம் இல்லாததால் நீதிமன்றமே இரண்டு பேரை நியமித்தது. ஜான் பெய்ல் ஒருவர். இன்னொருவர், மேலே பார்த்தோமே, டன்ஸ்டலின் கடிதத்தை வெளியிட்ட அந்த ஆல்பர்ட் ஃபவுன்டன்.

ஃபவுன்டன் திறமையானவர். ஆனால் கையில் வழக்கு வந்த வேகத்தைப் பாருங்கள். விசாரணை ஏப்ரல் 8-ல் தொடங்கி மறுநாளே முடிந்துவிட்டது. லிங்கனில் இருந்து மெசில்லா சுமார் 150 மைல். சென்னையில் இருந்து சிதம்பரம் வரை போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மலை, வெறும் மணல். பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. பில்லிக்காகப் பேசக்கூடியவர்கள் லிங்கனின் ஏழைக் குடியானவர்கள். பண்ணை வேலையை விட்டுவிட்டு, கையில் இருந்து காசு போட்டு, நாள் கணக்கில் குதிரையில் வந்து போக அவர்களால் முடியுமா?

அரசுத் தரப்புக்கு அந்தச் சிரமம் இல்லை. பிராடியோடு அன்று தெருவில் நடந்தவரும் டோலன் ஆளுமான பில்லி மேத்யூஸ் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஜூரியில் இருந்த 12 பேருமே ஸ்பானிஷ் பேசுபவர்கள். ஆனால் டோன்யா ஆனா கவுண்டிக்காரர்கள், பில்லியோடு பழகாதவர்கள். ஊரும் பேரும் தெரியாத ஒரு கொலைகாரன், அவ்வளவுதான்.

முதல் நிலைக் கொலை என்று தீர்ப்பு. ஏப்ரல் 13-ல் நீதிபதி பிரிஸ்டல் தண்டனையை அறிவித்தார். மே 13, வெள்ளிக்கிழமை தூக்கு. இடம் மெசில்லா இல்லை, லிங்கன் கவுண்டி!

விசாரணைக்கு ஆகாத ஊர், தூக்குக்கு ஆகும். தூக்கு மேடை போடுவது, அதுவரை கைதியைக் காப்பது எல்லாமே மறுபடி அந்தச் சின்ன கவுண்டியின் பொறுப்பு.

லிங்கன் கவுண்டி போரில் ஏராளமானவர்கள் மேல் குற்றச்சாட்டு பதிவானது. தண்டனை பெற்றவர் பில்லி ஒருவர்தான்.

அந்தக் குதிரை என்ன ஆனது?

மேல்முறையீட்டுக்கு ஃபவுன்டன் தயாராகவே இருந்தார். ஆனால் பணம் வேண்டும். பில்லியிடம் விற்கத் தகுந்த சொத்து என்று இருந்தது அந்த ஒரு குதிரை மட்டுமே. ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸில் பிடிபட்டபோது, பிடித்த குழுவில் இருந்த ஃபிராங்க் ஸ்டூவர்ட் அதைத் தன் வெற்றிப் பொருள் மாதிரி எடுத்துக்கொண்டார். பிறகு லாஸ் வேகஸில் ஒரு ஹோட்டல்காரரின் மனைவிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். (சூதாட்ட ஊர் லாஸ் வேகஸ் இல்லை. நியூ மெக்சிகோவிலும் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு.)

எட்கர் கேப்லெஸ் என்ற வக்கீலிடம் அந்தக் குதிரையை மீட்க வழக்குப் போடச் சொல்லியிருந்தார் பில்லி. ஏப்ரல் 15 கடிதம் அதைப் பற்றித்தான். திருட்டுக் குதிரைகளில் பிழைப்பு நடத்திய ஒருவர், தன் குதிரையைத் திருப்பிக் கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போனார் என்பது கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கும் விஷயம்தான். ஆனால் தூக்குக்கு அப்போது 28 நாள்தான் பாக்கி. சிவில் வழக்கு அவ்வளவு வேகமாக எங்கே நடக்கும்? மேல்முறையீடு நடக்கவே இல்லை.

கைதியைத் திருப்பி அனுப்பியதில் நடந்த கூத்து

ஏப்ரல் மத்தியில் ஏழு காவலர்களோடு பில்லியை வண்டியில் ஏற்றி லிங்கனுக்கு அனுப்பினார்கள். கை, காலில் விலங்கு. காவலர்கள் யார் தெரியுமா? சாட்சி சொன்ன பில்லி மேத்யூஸ், டோலனுக்காக துப்பாக்கி எடுத்த ஜான் கின்னி, பில்லியை வெறுத்த பாப் ஒலிங்கர். பில்லி தப்ப முயன்றால் முதல் குண்டு யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. ஏப்ரல் 21-ல் ஸ்டான்டன் முகாமில் ஷெரிப் கேரட்டிடம் ஒப்படைத்தார்கள்.

கேரட்டுக்கு இப்போது தலைவலி. லிங்கனில் உருப்படியான சிறை கிடையாது. பழைய சிறை என்பது தரையில் தோண்டிய குழி. அதனால் நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில் ஒரு அறையில் பில்லியைத் தரையோடு சேர்த்து விலங்கிட்டு வைத்தார். அந்தக் கட்டடம் எது? மர்பியும் டோலனும் நடத்திய பழைய கடை. தி ஹவுஸேதான். கடை நொடித்துப்போன பிறகு கவுண்டி அதை வாங்கி நீதிமன்றமாக்கியிருந்தது.

காவலுக்கு இரண்டே பேர். ஒலிங்கர், ஜேம்ஸ் பெல்.

ஏப்ரல் 28. அன்றைக்கு ஷெரிப் கேரட் ஊரில் இல்லை. வைட் ஓக்ஸ் என்ற ஊருக்கு வரி வசூலிக்கப் போயிருந்தார். ஆரம்பத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான். தூக்குத் தண்டனைக் கைதியை மாடியில் வைத்துவிட்டு, கவுண்டியின் ஒரே ஷெரிப் வரி கேட்கப் போக வேண்டிய நிலைமை.

ஒலிங்கர் மற்ற கைதிகளை எதிர் ஹோட்டலுக்குச் சாப்பிட அழைத்துப்போனார். பில்லியோடு இருந்தது பெல் ஒருவர்தான். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கீழே கூட்டிப்போகச் சொன்னார் பில்லி. திரும்பி வரும்போது படிக்கட்டில் எப்படியோ துப்பாக்கி அவர் கைக்கு வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். பெல் சுடப்பட்டு இறந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த ஒலிங்கரை, அவருடைய துப்பாக்கியாலேயே மாடி ஜன்னலில் இருந்து சுட்டார் பில்லி.

அதற்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தார். கால் விலங்கில் ஒன்றை உடைத்தார். ஊர் மக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தரும் தடுக்கவில்லை. கடைசியில் அவர் ஏறிப்போன குதிரை, கவுண்டி அலுவலக எழுத்தர் ஒருவருடையது. சில நாளில் அது தானாக வீடு திரும்பிவிட்டது.

முடிவு எப்படி வந்தது?

மெக்சிகோ எல்லைக்குப் போயிருந்தால் தப்பியிருப்பார். போகவில்லை. தன்னை நேசித்தவர்கள் இருந்த ஃபோர்ட் சம்னருக்கே போனார். 1881 ஜூலை 14 இரவு, பீட் மேக்ஸ்வெல் என்பவரின் இருட்டறைக்குள் பில்லி நுழைந்தபோது கேரட் உள்ளே உட்கார்ந்திருந்தார். இரண்டு குண்டு. ஒன்று போதுமானதாக இருந்தது.

அந்த 500 டாலர் பரிசு?

கேரட் கேட்கப் போனார். லூ வாலஸ் அதற்குள் பதவியை விட்டுப் போயிருந்தார். பொறுப்பு ஆளுநராக இருந்த வில்லியம் ரிட்ச், இது முந்தைய ஆளுநர் அறிவித்தது, அரசு கஜானாவில் இருந்து எப்படித் தருவது என்று தயங்கினார். பணம் வரவில்லை. 1882 பிப்ரவரியில் பிரதேச சட்டமன்றம் தனியாக ஒரு சட்டமே இயற்றிய பிறகுதான் அந்த 500 டாலர் கேரட் கைக்கு வந்தது.

ஃபவுன்டன் 1896-ல், எட்டு வயது மகனோடு பாலைவனத்தில் காணாமல் போனார். உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த வழக்கைத் துப்புத் துலக்க அழைக்கப்பட்டவர் அதே பாட் கேரட்.

பில்லிக்கு வாலஸ் சொன்ன மன்னிப்பு பற்றிய பேச்சு 2010-ல் மறுபடி வந்தது. நியூ மெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் பல மாதம் யோசித்துவிட்டு, தன் பதவியின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று மன்னிப்பு கிடையாது என்று அறிவித்தார்.

ஜேம்ஸ் டோலன்? டன்ஸ்டலின் சொத்துகள் கடைசியில் அவர் கைக்கே வந்தன. பிற்காலத்தில் பிரதேச செனட் உறுப்பினரானார். அதோடு இன்னொரு பதவியிலும் சில வருடம் உட்கார்ந்திருந்தார்: லிங்கன் கவுண்டியின் பொருளாளர்.